பூனைக்குத்தான் மீன்

போன மாதம் எங்கள் வாசிப்பு வட்டம் முடிந்த பிறகு, வந்திருந்த மாணவர்கள் மொட்டை மாடியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். சுவரோரம் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா இருந்தது. முதலாமாண்டு சட்டம் படிக்கும் தம்பி ஒருவன் அதைத் திறந்து, உள்ளே இருந்த பிஸ்கட்டில் இரண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். மென்றான். கொஞ்சம் யோசித்தான். "அக்கா, உப்பே போடல. ஆனா மீன் வாசம் சூப்பரா இருக்கு" என்றான். அது பூனைக்குச் சுட்டது என்று சொன்னதும் மாடியே சிரித்தது. அவனும் சிரித்துக்கொண்டே மூன்றாவதை எடுத்தான்.

எல்லோரும் செய்முறை கேட்டார்கள். அன்றிரவு வாட்ஸ்அப் குழுவில் எழுதிப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் ஒரு மாணவி தனியாகச் செய்தி அனுப்பினார். "அக்கா, நாங்க மூணு பேர் ஒரு வீட்டு மாடியில வாடகைக்கு இருக்கோம். சைவம் மட்டும்னு சொல்லித்தான் குடுத்தாங்க. பூனைக்குன்னு சொல்லி மீன் வாங்கிட்டு வந்தா ஒண்ணும் சொல்ல மாட்டாங்கல்ல?" கடைசியில் சிரிக்கும் முகம் ஒன்றையும் போட்டிருந்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதே பொய்யை எட்டு மாதம் சொன்னவள் நான். அவருக்கு இரண்டு வரியில் பதில் எழுத முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். குழுவில் இல்லாதவர்களுக்கும் ஆகும்.

கால் கிலோ மத்தி வாங்கிக்கொள்ளுங்கள். சில ஊர்களில் சாளை என்பார்கள். விலை குறைந்த மீன். பூனைக்கு அது போதும், நமக்கும் போதும். செதில், குடல், தலை நீக்கி நன்றாக அலசுங்கள். உப்பு, மஞ்சள், மிளகாய் எதுவும் போடாமல் ஒரு தட்டில் வைத்து இட்லிப் பானையில் பத்து நிமிடம் அவியுங்கள். பச்சையாகக் கொடுக்காதீர்கள். சில வகைப் பச்சை மீன்களில் தயமினேஸ் என்ற நொதி இருக்கிறது. பூனைக்கு வேண்டிய பி1 வைட்டமினை அது அழித்துவிடும். வெந்துவிட்டால் அந்த நொதி செயலிழந்துவிடும்.

ஆறியதும் நடுமுள்ளை உருவிவிட்டுச் சதையைக் கையால் பிசையுங்கள். மிச்ச முள் விரலில் தட்டுப்படும், பொறுக்கி எறியுங்கள். ஒரு முட்டையும் ஒரு டம்ளர் கோதுமை மாவும் சேர்த்து, சப்பாத்தி மாவைவிடக் கொஞ்சம் இறுக்கமாகப் பிசையுங்கள். ஈரம் போதாவிட்டால் அவித்த தட்டில் இறங்கியிருக்கும் மீன் சாற்றைத் தெளித்துக்கொள்ளலாம். தேய்த்து, சுண்டுவிரல் நகம் அளவுக்குக் கட்டம் கட்டமாக வெட்டுங்கள். ஓடிஜி அடுப்பில் 175 டிகிரியில் 15 முதல் 20 நிமிடம் வைத்தால் போதும். அடுப்பு இல்லாதவர்கள் பழைய குக்கரின் அடியில் மணல் பரப்பி, அதன்மேல் தட்டை வைத்து, கேஸ்கட்டும் வெயிட்டும் இல்லாமல் மூடி, சிறு தீயில் அரை மணி நேரம் விடுங்கள். ஒடித்தால் 'டிக்' என்று சத்தம் வர வேண்டும். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் ஒரு வாரம் வைக்கலாம்.

வெங்காயமும் பூண்டும் கிட்டவே வரக் கூடாது. பூனையின் சிவப்பணுக்களைச் சிதைத்து இரத்தசோகையில் கொண்டுபோய் விடும். கருவாட்டில் செய்யலாமா என்று கேட்டார்கள். உப்பு அதிகம், வேண்டாம். ஒரு நாளைக்கு நாலைந்து துண்டுக்கு மேல் கொடுக்காதீர்கள். இது நொறுக்குத்தீனி. அன்றைய சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

வெங்காயமும் பூண்டும் சேராத மீன் பண்டம். ஆசாரத்துக்கு எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டோம் பாருங்கள்.

பூனைக்கு மீனோ கறியோ ஏன் வேண்டும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும். பூனை கட்டாய ஊனுண்ணி. டாரின் என்ற அமினோ அமிலத்தை நம் உடல் தானே தயாரித்துக்கொள்ளும். பூனையின் உடலால் தேவையான அளவு தயாரிக்க முடியாது. கறியிலும் மீனிலும் இருந்துதான் கிடைக்க வேண்டும். டாரின் குறைந்தால் பூனையின் இதயத் தசை தளர்ந்துபோகும் என்று 1987இல் கலிபோர்னியாவில் கால்நடை மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். அதன்பிறகுதான் கடையில் விற்கும் பூனை உணவுகளில் அதைக் கூட்டிச் சேர்த்தார்கள். பூனைக்கு இனிப்பு என்ற சுவையே தெரியாது. இனிப்பை உணரும் மரபணு அதற்கு வேலை செய்வதில்லை என்று 2005இல் தெரியவந்தது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால்கூடச் செரிக்காது. ஆக, மீன் தின்பது அதன் இயல்பு. இதை எந்த வீட்டுக்காரரும் ஒத்துக்கொள்வார். யாரும் பூனையின் குணத்தை அது தின்னும் மீனை வைத்து எடைபோடுவதில்லை.

இனி வீட்டுக் கதை.

ஆறு வருடங்களுக்கு முன் நானும் என் தோழியும் சென்னையில் வீடு தேடினோம். அவள் ஆய்வு மாணவி. நான் அப்போதுதான் ஒரு வேலையில் சேர்ந்திருந்தேன். பன்னிரண்டு வீடு பார்த்தோம். கேள்விகள் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். சொந்த ஊர் எது? அங்கே எந்தத் தெரு? அப்பா என்ன செய்கிறார்? குலதெய்வம் எது? நேரடியாகச் சாதி கேட்டவர்கள் இரண்டே பேர். மற்றவர்கள் சுற்றி வந்தார்கள். சுற்றி வருவதில் குறுக்கு வழியான கேள்வி ஒன்று இருக்கிறது. "சாப்பாடு எப்படிம்மா?"

'சைவம் மட்டும்' என்ற பலகையைப் பார்த்து வெளியூர்க்காரர் யாரும் இது சைவ நாடு என்று நினைத்துவிடக் கூடாது. 2014ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 97 சதவீதத்துக்கும் அதிகமானோர் அசைவம் உண்பவர்கள். அப்படியானால் அந்தப் பலகை யாரை வெளியே நிறுத்துகிறது? எல்லோரையும் நிறுத்துவதுபோல் தெரியும். ஆனால் "அவங்க ஞாயித்துக்கிழமை மட்டும் சாப்பிடுவாங்க, பரவால்ல" என்று சிலருக்கு விதி தளர்வதை நாங்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம். வீட்டுக்காரர் சமையலறையில் மட்டன் கொதிக்கும் வாசம் வாசல்வரை வந்த வீட்டிலும் ஊரையும் தெருவையும் கேட்டுவிட்டு, "சொல்லியனுப்புறோம்" என்றார்கள். இன்றுவரை சொல்லியனுப்பவில்லை.

பதிமூன்றாவது வீடு கிடைத்தது. மாடியில் ஒரு அறை, ஒரு சமையலறை. கீழே வீட்டுக்கார அம்மா. ஓய்வுபெற்ற அரசு ஊழியர், பார்ப்பனர் அல்லாத சைவக் குடும்பம், அன்பாகப் பேசுபவர். "அசைவம் மட்டும் சமைக்கக் கூடாதும்மா" என்றார். தலையாட்டினோம். தெருப் பெயர் கேட்டபோது தோழி முந்திக்கொண்டு ஏதோ ஒரு தெருவைச் சொன்னாள். முதல் பொய் அதுதான். மீன் பொய் இரண்டாவது.

அந்த ஐப்பசி மழையில் மாடிப்படியில் ஒரு பூனைக்குட்டி வந்து ஒண்டிக்கொண்டது. கருப்பும் வெள்ளையுமாக, காது ஒன்று கிழிந்து, எலும்பெல்லாம் தெரிய. என் தோழி அதற்குத் 'தோழர்' என்று பெயர் வைத்தாள். பாலை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. தயிர்சாதத்தைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தது. மறுநாள் நான் நூறு ரூபாய்க்கு மத்தி வாங்கிப் பைக்குள் பை போட்டு எடுத்து வந்தேன். மூன்றாவது படியில் வீட்டுக்கார அம்மா நின்றிருந்தார். மூக்கைச் சுளித்தார்.

"என்னம்மா அது?"

"பூனைக்குத்தான் ஆன்ட்டி."

அவர் முகம் அப்படியே மாறியது. "பூனைக்கா? சரி சரி. வாயில்லா ஜீவன். அது என்ன பண்ணும் பாவம், அது சாப்பாடு அதுதானே. பாத்திரத்தை மட்டும் தனியா வெச்சுக்கோங்க."

அந்த இரக்கம் உண்மையானது. நடிப்பு இல்லை. அதனால்தான் இத்தனை வருடம் கழித்தும் அந்தக் குரல் காதில் இருக்கிறது. அது சாப்பாடு அது. ஒரு உயிர் தன் சாப்பாட்டைச் சாப்பிடும் என்பது அவருக்குப் புரிந்திருந்தது.

அதன்பிறகு ஞாயிறுதோறும் மீன் வந்தது. முதல் இரண்டு வாரம் பூனைக்கு மட்டும். மூன்றாம் வாரம் அரைக்கிலோ. பிறகு முக்கால் கிலோ. "உங்க தோழர் நல்லா சாப்பிடுது போல" என்று வீட்டுக்கார அம்மா சிரிப்பார். நாங்களும் சிரிப்போம். தோழி ஒரு பழைய ஓடிஜி அடுப்பை யாரிடமோ வாங்கி வந்தாள். பிஸ்கட் சுடப் பழகியது அப்போதுதான். பூனை மேல் இருந்த ஆசை ஒரு காரணம். இன்னொரு காரணம், பிஸ்கட் சுடும்போது வீடு முழுக்க மீன் வாசம் பரவும், அந்த மறைவில் எங்கள் மீனை அவித்துக்கொள்ளலாம்.

அவித்துக்கொள்ளலாம் என்றுதான் சொல்கிறேன். குழம்பு வைக்க முடியாது. மீனோடு புளியும் பூண்டும் வெந்தயமும் சேர்ந்து கொதித்தால் அந்த வாசம் வேறு. பூனைக்கு யார் குழம்பு வைப்பார்கள்? அதனால் நாங்களும் உப்பை மட்டும் தூவி அவித்துத் தின்றோம். முள்ளைத் தினத்தந்தியில் மடித்து, மடிக்கணினிப் பையில் வைத்து, பேருந்து நிறுத்தத்துக் குப்பைத்தொட்டியில் போட்டோம். எட்டு மாதம் நாங்கள் சாப்பிட்டது பூனைச் சாப்பாடு.

இதற்கிடையில் வீட்டுக்கார அம்மாவின் பேத்திக்குப் பாரசீகப் பூனை ஒன்று வாங்கிக் கொடுத்தார்கள். கடையில் விற்கும் தீனியை அது தொடவில்லையாம். "நீ சுடுறியேம்மா அந்த பிஸ்கட், கொஞ்சம் குடேன்" என்று தன் எவர்சில்வர் டப்பாவைக் கொடுத்தார். சுட்டுக் கொடுத்தேன். மாதம் இரண்டு முறை அந்த டப்பா மேலே வரும், நிறைந்து கீழே போகும். அவர் கூடத்தில் சோபாவில் வைத்தே அந்தப் பூனைக்கு ஊட்டுவார்கள் என்று பேத்தி சொன்னாள். நான் பிசைந்த மீன் அவர் கூடம்வரை போனது. நான் வாசற்படியில் நின்று வாடகை கொடுத்துவிட்டு வருபவள்.

உருத்திராட்சப் பூனை என்று நம் ஊரில் சொல்வோம். மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பத்தில் பார்த்திருப்பீர்கள். ஒரு பூனை பின்னங்காலில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்குமேல் தூக்கித் தவம் செய்கிறது. சுற்றிலும் எலிகள். சைவ வேடம் போட்ட பூனை. பள்ளிக்கூடத்தில் அதைப் பார்த்து நாங்கள் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறோம். எங்கள் தோழர் ஒருநாளும் அப்படி வேடம் போட்டதில்லை. மீன் வாசம் வந்தால் ஊரைக் கூட்டும். உருத்திராட்சத்தை மாட்டிக்கொண்டு நின்றது நானும் என் தோழியும்தான்.

ஒன்பதாவது மாதம் ஊரிலிருந்து அம்மா வந்தார். விழுப்புரம் பக்கத்திலிருந்து பேருந்தில், மடியில் தூக்குச் சட்டியோடு. உள்ளே நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. நான் கீழே போய்ப் பையை வாங்கிக்கொண்டு ஏறும்போது வீட்டுக்கார அம்மா வெளியே வந்தார். வாசம் மறைக்கக்கூடிய வாசமா அது?

"பூனைக்கு ஆன்ட்டி. அம்மா ஊர்லேர்ந்து எடுத்துட்டு வந்தாங்க."

அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போனார். அம்மா என் பின்னால் நின்றிருந்தார். மேலே வந்து கதவைச் சாத்தும்வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்.

"பூனைக்குன்னு சொல்லித்தான் துன்னணுமாடி?"

நான் வீட்டு நிலவரத்தைச் சொன்னேன். வாடகை, அலைந்த அலைச்சல், பன்னிரண்டு வீடு. அம்மா கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "ஏரி மீனு ஏலத்துல நம்ம தெருவ சேர்க்க மாட்டான். எல்லாரும் புடிச்சிட்டுப் போன பொறவு சேத்துல எறங்கித் தடவுவோம். உங்கப்பன் உளுவையும் கெளுத்தியும் கொண்டாருவாரு. தலைய பூனைக்குப் போட்டுட்டு ஒடம்ப நம்ம துன்னோம். சேறா இருந்தாலும் நம்ம மீனுன்னுதான் துன்னோம்."

அன்று அம்மா தூக்குச் சட்டியைத் திறக்கவில்லை. ஊறுகாய் வைத்துச் சாப்பிட்டுவிட்டு மறுநாள் முதல் பேருந்துக்குப் போய்விட்டார். அந்தக் குழம்பை நானும் தோழியும் சன்னல்களைத் திறந்துவைத்துவிட்டுச் சாப்பிட்டோம்.

ஐந்தாம் தேதி வாடகை கொடுக்கப் போனபோது சொன்னேன். "ஆன்ட்டி, அன்னைக்கு அம்மா கொண்டு வந்தது எங்களுக்குத்தான். பூனை கருவாடு சாப்பிடாது. இவ்வளவு நாளா நாங்களும் மீன் சாப்பிட்டோம். உங்ககிட்ட பொய் சொன்னது தப்பு."

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கோபப்படவில்லை. எட்டு மாதம் ஏமாற்றினாயே என்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்.

"நீங்க என்ன ஆளுங்கம்மா?"

சொன்னேன்.

ஒரு வாரத்தில் மகன் வெளிநாட்டிலிருந்து வரப்போவதாகவும் மாடி தேவைப்படுவதாகவும் சொன்னார். இரண்டு மாதம் கொடுத்தார். நாங்கள் காலி செய்து பத்து நாள் கழித்து அந்தத் தெருவழியே போனேன். 'வீடு வாடகைக்கு' என்ற அட்டை தொங்கியது.

அதைக்கூட மறந்துவிடலாம். மறக்க முடியாதது வேறொன்று. நான் சொன்ன அன்று மாலையே அந்த எவர்சில்வர் டப்பா எங்கள் படிக்கட்டில் இருந்தது. அவருடைய டப்பா. உள்ளே நான் மூன்று நாள் முன்பு சுட்டுக் கொடுத்த பிஸ்கட், பாதிக்குமேல் அப்படியே. டப்பாவையும் அவர் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. போன மாதம் அந்தத் தம்பி திறந்தது அதே டப்பாதான்.

அது பூனையின் மீன்தான். சுட்ட கையும் அதே கைதான். உப்பில்லை, பூண்டில்லை. முந்தின நாள்வரை சோபாவில் வைத்து ஊட்டப்பட்டது. மாறியது ஒன்றே ஒன்று. அந்தக் கை யாருடையது என்று தெரிந்துவிட்டது. அன்றைக்குத்தான் எனக்கு முழுதாக விளங்கியது. எட்டு மாதம் நான் மறைத்தது மீனை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் தேடிக்கொண்டிருந்தது மீனே இல்லை.

1931 ஆகஸ்ட் 14 அன்று பம்பாய் மணி பவனில் காந்தியைச் சந்தித்தபோது பாபாசாகேப் சொன்னது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நாயையும் பூனையையும்விடக் கீழாக நடத்தப்படும், குடிக்கத் தண்ணீர்கூடக் கிடைக்காத நாட்டை என் தாய்நாடு என்று எப்படிச் சொல்வது என்பது அவர் கேள்வி. மாணவியாக இருந்தபோது அதை ஒரு உவமை என்று படித்தேன். டப்பா படிக்கட்டுக்கு வந்த அன்று, அவர் உவமை எதுவும் சொல்லவில்லை, பார்த்ததைச் சொன்னார் என்று புரிந்தது. மகாத்தில் சவுதார் குளத்தில் மாடு தண்ணீர் குடிக்கலாம். மனிதர்கள் 1927 மார்ச் 20 அன்று குடித்தபோது அடித்தார்கள். பிறகு 108 பானைகளில் பஞ்சகவ்யம் கலந்து ஊற்றிக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். மாட்டின் சாணமும் மூத்திரமும் சுத்தம், மனிதரின் கை தீட்டு.

வீட்டுக் கதையும் அவரிடம் இருக்கிறது. கொலம்பியாவில் படித்துத் திரும்பி பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குப் போனவருக்குத் தங்க இடமில்லை. ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரைப் பதிந்துகொண்டு தங்கினார். பதினோராம் நாள் தடியோடு ஒரு கூட்டம் வந்து நின்றது. வெளியேறினார். இவ்வளவு படித்த மனிதரும் தலைக்குமேல் ஒரு கூரைக்காக வேறொரு பெயருக்குள் ஒளிய வேண்டியிருந்தது. நான் பூனைக்குப் பின்னால் ஒளிந்தேன். இதை ஒப்பிட்டுப் பெருமைப்பட ஒன்றுமில்லை. நூறு ஆண்டுகள் கடந்தும் அந்த விடுதியின் வாசல் அப்படியே இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று சட்ட மாணவர்கள் கேட்பீர்கள். அரசியலமைப்பின் 15(2) பிரிவு கடை, உணவகம், தங்கும் விடுதி, கிணறு, குளம், சாலை ஆகியவற்றில் பாகுபாட்டைத் தடுக்கிறது. தனியார் வாடகை வீடு அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி இல்லை. 1955இன் தீண்டாமைக் குற்றச் சட்டம், 1976இல் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. அதன் 4ஆம் பிரிவில் எந்தப் பகுதியிலும் குடியிருப்பைக் கட்டவோ வாங்கவோ குடியிருக்கவோ தீண்டாமையின் பேரில் தடை செய்வது குற்றம் என்று இருக்கிறது. படித்துப் பாருங்கள். ஆனால் எந்த வீட்டுக்காரர் தீண்டாமை என்று வாயால் சொல்லப்போகிறார்? மகன் வருகிறான் என்பார். சைவம் மட்டும் என்பார். அந்தப் பலகையின் வேலையே அதுதான். சாதியைச் சொல்லாமல் சாதியைக் கேட்பது. 2005இல் உச்ச நீதிமன்றம் ஒரு பார்சி வீட்டுவசதிச் சங்கத்தின் வழக்கில், தங்கள் சமூகத்தாரை மட்டுமே உறுப்பினராக்கும் விதி செல்லும் என்று தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் ஒப்பந்தம், முன்பணம், காலி செய்வது பற்றியெல்லாம் பேசுகிறது. சாதி பார்த்து வீடு மறுப்பதைப் பற்றிப் பேசவில்லை. அதைச் சேர்க்க வேண்டும் என்பது நாம் எழுப்ப வேண்டிய கோரிக்கை. வீடு மறுக்கப்பட்ட கதை இல்லாத தலித் மாணவரை நான் சென்னையில் இன்னும் சந்திக்கவில்லை. அந்தக் கதைகளை எழுதிச் சேர்ப்பதிலிருந்து தொடங்கலாம்.

இப்போது அந்தத் தங்கைக்குப் பதில்.

பூனைக்கு என்று சொன்னால் ஒன்றும் சொல்ல மாட்டார்களா என்று கேட்டாய். சொல்ல மாட்டார்கள். வாயில்லா ஜீவன் என்று உருகுவார்கள்.

சொல்லாதே என்று நான் சொல்லப்போவதில்லை. தேர்வு இருக்கிறது, முன்பணம் மாட்டியிருக்கிறது, இரவு பதினோரு மணிக்குப் பெட்டியோடு தெருவில் நிற்க முடியாது. உண்மையைச் சொன்னதால் நான் வீரமானவள் என்றும் நினைத்துவிடாதே. எனக்கு அப்போது வேலை இருந்தது, ஒரு மாதம் தங்க நண்பர் வீடு இருந்தது. அவை இல்லாதபோது நானும் எட்டு மாதம் மறைத்தேன். மறைக்க வேண்டிய நிலையில் உன்னை வைத்தவர்களுடைய வெட்கம் அது, உன்னுடையது இல்லை. இதை மட்டும் மாற்றிப் போட்டுக்கொள்ளாதே.

இரண்டு காரியம் செய். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் வேண்டும் என்று கேள். ஊர், தெரு, சாதி பற்றி வந்த குறுஞ்செய்திகளையும் விளம்பரங்களையும் அழிக்காமல் வை. பிறகு, தனியாக இருக்காதே. எதையும் கேட்காமல் வீடு கொடுத்தவர்கள் இந்த நகரத்தில் இருக்கிறார்கள். எனக்கும் அப்படி ஒருவர்தான் கொடுத்தார். வாசிப்பு வட்டத்தில் அப்படிப்பட்ட வீடுகளின் பட்டியல் ஒன்றைக் கையால் எழுதி வைத்திருக்கிறோம். இப்போதைக்குச் சிறிய பட்டியல்தான்.

தோழருக்கு இப்போது ஆறு வயது. கிழிந்த காது அப்படியே இருக்கிறது, வயிறு மட்டும் பெருத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோ மத்தி வாங்குகிறேன். கால் கிலோவை முதலில் எடுத்து, உப்பில்லாமல் அவித்து, அதற்கு பிஸ்கட் சுட்டுவிடுவேன். மீதி முக்கால் கிலோவுக்கு அம்மா சொல்லிக் கொடுத்த மாதிரி வெந்தயம் தாளித்து, பத்துப் பல் பூண்டு தட்டிப் போட்டு, புளியைக் கெட்டியாகக் கரைத்து ஊற்றுகிறேன். கொதிக்கும்போது வாசம் படியிறங்கித் தெருமுனைவரை போகும். சன்னலைச் சாத்துவதில்லை.

வரும் ஞாயிறு உன் வீட்டுத் தோழிகளையும் கூட்டிக்கொண்டு சாப்பிட வா. யாராவது படிக்கட்டில் நின்று யாருக்கு மீன் என்று கேட்டால், எங்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டு மேலே ஏறி வா.

ஜெய்பீம்.